நொய்யல் முழுவதையும் ஏன் சுமக்கிறாய், அம்மிணி?

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய ப்ராஜெக்ட் தலைப்பைப் பார்த்தேன். ‘நொய்யல் ஆற்று மாசுபாடும் சுற்றுச்சூழலில் அதன் விளைவுகளும்.’ மேடையில் பேசலாம், கலெக்டருக்கு மனு எழுதலாம். ஆனால் மூன்று மாதத்தில் ஒரு மீட்டரையும் சில பாட்டில்களையும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. வெள்ளியங்கிரி மலையில் புறப்பட்டுக் காவிரியில் சேரும்வரை, எந்த இடத்து நொய்யல்? மாசு என்றால் நிறமா, உப்பா, கிருமியா? விளைவு மீனுக்கா, தென்னைக்கா, மனுஷனுக்கா? இதில் கேள்விக்குறியே இல்லையே, கவனித்தாயா?

சாயக்கழிவைப் பரிசோதிக்கும் லேபில் காலம் தள்ளுகிறவன் சொல்கிறேன், உப்பைப் பிடித்துக்கொள். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு போடுவார்கள். சாதா உப்பு, இல்லாவிட்டால் சோடியம் சல்பேட் என்கிற கிளாபர் உப்பு. சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும், உப்பு தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் அடியில் படியும், தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், கரைந்த உப்பு குறையவே குறையாது. அதைப் பிரிக்க ஆர்.ஓ. வேண்டும், ஆர்.ஓ. ஒதுக்கும் தண்ணீரைக் காய்ச்ச எவாப்பரேட்டர் வேண்டும். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகப் போனதும், அதன் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனதும் உனக்குத் தெரிந்த கதைதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆறு ஒரு வெள்ளத்தில் கழுவிக்கொண்டு போய்விடும், நிலத்தடி நீர் அப்படிப் போகாது. உன் கேள்வி அங்கே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இப்படி வைத்துப் பார்: ‘ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் கரையிலிருந்து 100 மீட்டர், 500 மீட்டர், 1 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திறந்த கிணறுகளின் மின்கடத்துத்திறன், தொலைவு கூடக் கூட எப்படி மாறுகிறது?’

கரைந்த உப்பின் மொத்த அளவைக் குறிக்கும் டி.டி.எஸ். என்று எழுதாமல் மின்கடத்துத்திறன் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. கையில் பிடிக்கிற டி.டி.எஸ். மீட்டர் உப்பையா நிறுத்துப் பார்க்கிறது? மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. ஒரு மீட்டர் 0.5-ஆல் பெருக்கும், இன்னொன்று 0.7-ஆல் பெருக்கும். ஒரே கிணற்றுத் தண்ணீர் ஒன்றில் 1000, இன்னொன்றில் 1400. வைவாவில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். குடிநீரில் லிட்டருக்கு 500, வேறு வழியில்லை என்றால் 2000 மில்லிகிராம் வரை என்ற இந்தியத் தர அளவோடு ஒப்பிட வேண்டுமானால், எந்த எண்ணால் பெருக்கினாய் என்று எழுதிவிட்டு ஒப்பிடு.

இந்தக் கேள்வியில் எனக்குப் பிடித்தது, பதில் ‘மாறவில்லை’ என்றும் வரலாம் என்பதுதான். ஒரு கிலோமீட்டர் தள்ளியும் அதே உப்பு இருந்தால்? ஆற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டு அங்கே பாய்ச்சியிருக்கலாம், பாறையிலிருந்தே உப்பு ஊறியிருக்கலாம். அப்போதும் உன் ப்ராஜெக்ட் பாஸ்தான். உன் பழைய தலைப்பு இருக்கிறதே, அது பதிலை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு ஆதாரம் தேடக் கிளம்புகிறது. (கழிவுநீரை நம்பிச் சம்பளம் வாங்குகிற அப்பன் இதைச் சொன்னால் உன் தோழிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.)

சரி, கிணறு தேர்ந்தெடுப்பதில்தான் உன் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. தொலைவுக்கு ஒரு கிணறு போதாது, ஐந்தாவது பார். போர்வெல்லையும் திறந்த கிணற்றையும் கலக்காதே, இரண்டும் வேறு வேறு ஆழத்துத் தண்ணீர். முக்கியமாகக் கீழ்பவானி வாய்க்காலை மறந்துவிடாதே. கசிவுநீர் இறங்கும் தோட்டத்துக் கிணற்றில் உப்பு நீர்த்துப்போகும். வாய்க்கால் எட்டாத மேட்டாங்காட்டுக் கிணற்றில் அப்படியே நிற்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் தொலைவால் வந்த வித்தியாசமா, வாய்க்காலால் வந்ததா என்று உன்னாலேயே சொல்ல முடியாது. பதினைந்து கிணற்றையும் ஒரே வாரத்தில், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்துவிடு. நடுவில் ஒரு மழை பெய்தால் முதல் நாள் எண்ணும் கடைசி நாள் எண்ணும் சேராது.

‘ஏன்’, ‘தீர்வு என்ன’ இரண்டையும் தலைப்பிலிருந்து எடுத்துவிடு. கைடு கட்டாயம் வேண்டும் என்றால் கடைசி அத்தியாயத்தில் ஒரு பத்தி எழுதிக் கொடு.

மீட்டர் வாங்க வேண்டாம், என்னுடையது இருக்கிறது. மின்கடத்துத்திறன் 1413 என்று தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசலும் எடுத்து வைக்கிறேன், தினமும் காலையில் சரிபார்த்துவிட்டுக் கிளம்பலாம். சென்னிமலைப் பக்கம் தெரிந்த தோட்டக்காரர்களிடம் பேசி வைக்கிறேன். எந்தக் கிணறு எவ்வளவு ஆழம், வாய்க்கால் தண்ணீர் எட்டுமா என்று முதலில் கேட்டுக் குறித்துக்கொள்வோம். நீ வெள்ளிக்கிழமைக்குள் கேள்வியை உன் வார்த்தையில் எழுதி, கைடுக்குக் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா