விழிக்காத நோயாளிக்கு அன்றிரவே இ.இ.ஜி. வேண்டும்: தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். மூளையின் மின் அலைகளைக் கோடுகளாகப் பதியும் இ.இ.ஜி. எடுப்பது என் வேலை. ஓபியாய்டு (அபின் வகை மருந்து) நஞ்சேறி வந்தவர்களின் தலைமுடியை வகிர்ந்து மின்வாய் ஒட்டிவிட்டு, விடியும்வரை திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த இரவுகள் பல. அதனால் இதைக் கேட்கிறேன்.

கண்மணி குண்டூசி முனையாய்ச் சுருங்கியிருக்கும், மூச்சு அடங்கிக்கொண்டே போகும். ஓபியாய்டை முறிக்கும் நாலொக்சோன் போட்டதும் மூச்சு திரும்பிவிடும். ஆள் மட்டும் விழிக்கமாட்டார். "மருந்து இறங்கட்டும், காலையில் பார்ப்போம்" என்பீர்கள். விரலில் மாட்டிய கருவி இந்த நொடியின் ஆக்ஸிஜனைத்தான் காட்டும். கண்டெடுத்துக் கொண்டுவரும் முன் எத்தனை நிமிடம் மூளை தவித்துக் கிடந்ததென்று அதற்குத் தெரியாது.

ஒருமுறை ஒரு பெண்ணுக்கு இடது இமை மட்டும் லேசாகத் துடித்தது. உடம்பில் வேறு அசைவே இல்லை. மின்வாய்களை ஒட்டி முடித்ததும் வலப்பக்கக் கோடுகளில் கூரான அலைகள் கிளம்பி, அடர்ந்து, மறுபக்கமும் பரவின. வெளியே தெரியாத வலிப்பு. அவர் விழுங்கியது டிரமடால் என்ற ஓபியாய்டு வலிமருந்து என்று பிறகுதான் தெரிந்தது. டிரமடாலும், பெத்திடின் என்ற இன்னொரு ஓபியாய்டும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. நாலொக்சோன் மூச்சை மீட்கும், இந்த வலிப்பை அடக்காது. எத்தனை மணி நேரமாக அது ஓடிக்கொண்டிருந்ததோ என்ற கேள்வி இன்னும் என்னை உறுத்துகிறது.

ஓபியாய்டு மட்டும் ஏறிய மூளையில் நொடிக்கு 4-க்கும் குறைவான, உயரமான டெல்டா அலைகள் மெதுவாக உருளும். காதருகே கைதட்டினால் பல நேரம் கோடு மாறும். அந்த மாற்றத்தைப் பார்க்கும்போது எனக்கே மூச்சு வரும். கோடு தட்டையாகிவிட்டால் பழியை ஓபியாய்டு மேல் மட்டும் போட்டுவிடாதீர்கள். பொதுவாக அது தனியாக அந்த அளவுக்கு அழுத்துவதில்லை. ஆக்ஸிஜன் இல்லாமல் பட்ட சேதமா, கூடவே பார்பிட்யூரேட் போன்ற வேறு தூக்க மருந்தா, உடல் குளிர்ந்துபோனதா என்று தேடுங்கள். மருந்து உடம்பில் இருக்கும்வரை தட்டைக் கோட்டை வைத்து உறவினரிடம் கைவிரிக்கவும் வேண்டாம். மெத்தடோன் என்ற ஓபியாய்டு உடம்பைவிட்டு நீங்கச் சில நாட்கள்கூட ஆகலாம்.

20 நிமிடப் பதிவு இதற்குப் போதாது, விட்டுவிட்டு வரும் வலிப்பு அதில் நழுவிவிடும். முடிந்தால் 24 மணி நேரம் ஓடவிடுங்கள். இ.இ.ஜி. கேட்டு அனுப்பும் சீட்டில் "மயக்கம்" என்று ஒற்றைச் சொல் எழுதி அனுப்பாமல், எந்த மருந்து, நாலொக்சோன் எத்தனை மணிக்கு, மயக்க மருந்தான புரோபோஃபால் ஓடுகிறதா என்று மூன்று வரி எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் எங்களால் கோடுகளைப் படிக்க முடியும்.

இப்படிக்கு,
ஓர் இ.இ.ஜி. தொழில்நுட்பர்