மூன்று பேரில் யாரை என்று கேட்டாயே

அன்புள்ள தம்பி,

அப்பாவை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க என்று நீ அனுப்பிய மூன்று பேருடைய விவரமும் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். வயது, படிப்பு, அனுபவம், சமைப்பாரா, எத்தனை மொழி பேசுவார், எல்லாம் இருக்கிறது. ராத்திரி கூப்பிட்டால் எழுந்திருப்பாரா என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அதைக் கேட்க உனக்குத் தோன்றாதது உன் தப்பில்லை. நான் சொல்லியிருந்தால்தானே உனக்குத் தெரியும்.

போனில் நீ கேட்கும்போதெல்லாம் "அப்பா நல்லாத் தூங்குறார்" என்றே சொல்லி வந்தேன். அது பொய். போன வாரம் ஒரு நோட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, எழுந்த நேரத்தையெல்லாம் குறித்தேன். குறைந்த நாளில் 3 தடவை, கூடின நாளில் 5 தடவை. ஒரு தடவை சிறுநீர், ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க, இன்னொரு தடவை எதற்கென்றே தெரியாது. இருட்டில் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு என் பக்கம் கையை நீட்டுவார். நான் பிடித்தால் தூங்கிவிடுவார். ஆனால் எனக்குத் தூக்கம் போனது போனதுதான்.

போன தடவை வந்த பெண் ஒன்பதாம் நாள் போய்விட்டாளே, அவள்மேல் உனக்குக் கோபம். "சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டா" என்றாய். நடந்ததை இப்போது சொல்கிறேன். அனுப்பின ஏஜென்சியிடம் நான் சொன்னது, "ரெண்டு பெரியவங்க, சின்னச் சின்ன உதவிதான்" என்று. பக்கவாதம் என்றேன், ஆனால் வலது கையும் காலும் சுத்தமாக விழுந்துவிட்டது என்று சொல்லவில்லை. 74 கிலோ உடம்பு என்று சொல்லவில்லை. டயாப்பரைச் சொல்லவில்லை. சொன்னால் யாரும் வரமாட்டார்களோ என்ற பயம். அந்தப் பெண் ஒல்லியாக இருந்தாள். மூன்றாம் நாளே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். 30 வருஷம் ஆபீஸில் பணியாளர் பிரிவில் இருந்து எத்தனையோ பேரை வேலைக்கு எடுத்தவள் நான். வேலை இன்னதென்று சொல்லாமல் ஒரு ஆளைக்கூட எடுத்ததில்லை. வீட்டுக்கு என்று வந்ததும் அதை மறந்துவிட்டேன்.

அதனால் இந்தத் தடவை ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் வேலையை எழுதினேன். அப்பாவுக்குப் பிசியோதெரபி செய்ய வருகிறவர் ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது, இந்த 6-இல் எதையெல்லாம் ஒருவர் தானாகச் செய்கிறார் என்று பார்ப்பார்களாம். 1963-இல் காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவும் வகுத்தது, இன்னும் அதைத்தான் பயன்படுத்துகிறார்களாம். எனக்குப் படிவம் என்றால் உயிர் என்று உனக்குத் தெரியுமே. அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறில் ஒன்று, அதுவும் அரைகுறை: இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறார், பாதி மேலே சிந்துகிறது. அந்தத் தாளைப் பார்த்தபோதுதான், நான் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே எனக்குப் புரிந்தது. ராத்திரிக் கணக்கையும் அதன் அடியில் எழுதி, மூன்று பேர் கையிலும் அதைக் கொடுத்த பிறகுதான் பேச்சை ஆரம்பித்தேன்.

முதலில் வந்தவர் நீ நட்சத்திரக் குறி போட்டிருந்த அம்மா. சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தது. அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், இவர் என்னைப் பார்த்து, "ஐயா சாப்பிடுறாரா? மோஷன் சரியாப் போறாரா? அடம் பிடிப்பாரா?" என்று கேட்கிறார். அப்பாவுக்குப் பேச்சுத்தான் வராதே தவிர, புரியாமல் இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். முன்பு பார்த்த வீட்டைப் பற்றிக் கேட்டேன். அந்த வீட்டுப் பாட்டி படுக்கையில் என்னென்ன செய்துவைப்பார் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். நானும் ஒப்புக்குச் சிரித்துவைத்தேன். இங்கே நடப்பதை அடுத்த வீட்டில் இதே சிரிப்போடுதானே சொல்வார் என்று மனசுக்குள் ஓடியது. பழைய வீட்டைப் பற்றிப் பேசவிட்டால் போதும், தம்பி. சான்றிதழில் இல்லாதது அதில் வந்துவிடும்.

இரண்டாவது ஆள் சின்னப் பெண். நல்ல மாதிரி. தாளைப் படித்துவிட்டு, "ராத்திரி இத்தனை தடவைன்னா என்னால முடியாதும்மா" என்று நேராகச் சொன்னாள். அந்த நேர்மைக்காகவே வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. பகல் வேலைக்கு மட்டும் ஆள் தேவைப்பட்டால் அவளைத்தான் கூப்பிடுவேன்.

மூன்றாவது ஆளைப் பட்டியலின் கடைசியில் வைத்திருந்தாய். ஆண் என்பதால்தானே? ஆம்பிளை ஒருத்தர் வீட்டோடு தங்குவதா என்று எனக்கும் தயக்கம் இருந்தது. அவர் உள்ளே வந்ததும் செருப்பை வெளியே விட்டுவிட்டு, எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அப்பா முன்னால் போய் அவர் கண்ணுக்கு நேராக இருக்கும்படி கீழே உட்கார்ந்தார். தன் பெயரைச் சொன்னார். "ஐயா, உங்களுக்கு எந்தக் கை நல்லா இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன், கையால் லேசாகச் சைகை காட்டி என்னை நிறுத்தினார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அப்பா மெதுவாக இடது கையைத் தூக்கிக் காட்டினார். அதற்கு முழுசாக அரை நிமிஷம் ஆகியிருக்கும். யாராவது அவரிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து எத்தனை நாளாயிற்று!

பிறகு, "கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாத்திக் காட்டுங்க" என்றேன். முதல் வேலையாக வீல்சேரை அப்பாவின் இடது பக்கம், நல்ல கால் பக்கமாகக் கொண்டுவந்து சாய்த்து நிறுத்தினார். இரண்டு பிரேக்கையும் போட்டு, ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். கால் வைக்கும் தட்டை ஒதுக்கினார். தரையில் கிடந்த ஈரத்துணியை எடுத்து ஓரமாகப் போட்டார். (அது நான் காலையிலிருந்து எடுக்க மறந்த துணி.) அதன் பிறகுதான் அப்பாவைத் தொட்டார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே இல்லை. விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்தால் தோள்பட்டை நழுவிவிடும் என்று பிசியோ எனக்கு நாலு தடவை சொல்லியிருக்கிறார், நான் அவசரத்தில் அப்படித்தான் தூக்குவேன். இவர் இடுப்பைப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு, எழுந்திரிங்கையா" என்றார். அப்பாவும் எழுந்தார்.

சட்டை மாற்றச் சொன்னேன். போடும்போது வராத கையை முதலில் நுழைத்தார், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுத்தார். தண்ணீர் குடிக்கும்போது இருமுவாரா என்று கேட்டார். பக்கவாதம் வந்தவர்களுக்குத் தண்ணீர் மாதிரி நீர்த்ததுதான் சுலபமாகப் புரையேறும், அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவில் கொண்டு விடும். நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டி, சாப்பிட்டதும் உடனே படுக்க வைக்காமல் ஒரு 30 நிமிஷமாவது அப்படியே இருக்க விட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. முதுகின் அடியில், குதிகாலில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கலாமா என்று அப்பாவிடமே அனுமதி கேட்டார். குதிகாலில் ஒரு இடம் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார், வெளுத்தது. "இது இன்னும் புண்ணாகலம்மா. அழுத்தி வெளுக்கலைன்னாதான் கவலை" என்றார். நான் அதைப் பார்க்கவே இல்லை.

அவர் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, ஆமாம் என்றால் என் கையை அழுத்துவார், இல்லை என்றால் கண்ணை மூடுவார். குளிப்பாட்ட ஒரு பெண் வந்தால் பரவாயில்லையா? கண்ணை மூடினார். ஆண் வரட்டுமா? அழுத்தினார், இரண்டு தடவை. போன தடவை இதைக் கேட்காமலேயே ஆள் வைத்தோம் பார். அந்த ஒன்பது நாளும் குளிக்கும்போது அவர் அழுததை நான் நோய்க்கு அழுகிறார் என்று நினைத்தேன்.

அந்த மூன்றாவது ஆள் இதற்கு முன் இருந்த வீட்டுக்கும் போன் போட்டேன். எப்படி வேலை செய்தார் என்று கேட்டால் எல்லோரும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். "எப்படி வேலையை விட்டார்?" என்று கேட்டேன். அந்த வீட்டுப் பெரியவர் காலமான பிறகும் காரியங்கள் முடியும் வரை இருந்துவிட்டுப் போனாராம். இவரையே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

இனி அந்த ஏஜென்சி அனுப்பின ஒப்பந்தம். நீ கையெழுத்துப் போட்டே அனுப்பிவிட்டாய், நான் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். வார விடுமுறை என்ற வரியே அதில் கிடையாது. "24 மணி நேரமும்" என்று மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு, ஆளுடைய அடையாள அட்டையை நாமே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள், ஓடிப்போகாமல் இருக்கவாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் வீட்டு வேலை செய்பவர்களுக்காக 189-ஆம் உடன்படிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு, அவரவர் ஆவணம் அவரவர் கையில் என்று அதில் இருக்கிறது. எல்லா நாடும் அதை ஏற்கவில்லை. ஏற்றால் என்ன, ஏற்காவிட்டால் என்ன, நம் வீட்டுக்கு நான் ஏற்றுக்கொண்டேன். நகல் எடுத்துக்கொண்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஓய்வு நாள், பகல் தூக்கம், சம்பளத் தேதி, மூன்றையும் பேனாவால் எழுதிச் சேர்த்திருக்கிறேன். நீயும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. முதல் 15 நாள் இரண்டு பக்கமும் ஒத்திகை என்றும் எழுதியிருக்கிறேன். அந்த நாட்களில் நான் கூடவே இருந்து பார்ப்பேன்.

பகல் தூக்கம் ஏன் என்று கேட்பாய். ராத்திரி நாலு தடவை எழுந்தவர் மறுநாள் 74 கிலோவைத் தூக்க வேண்டும். கண் சொக்கின நேரத்தில்தான் கை தவறும். மத்தியானம் 1 மணியிலிருந்து 4 மணி வரை அவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும், அந்த நேரம் அப்பா என் பொறுப்பு. உன் பழைய அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டேன். உன் பெட்டிகள் பரண்மேல் இருக்கின்றன, கோபித்துக்கொள்ளாதே.

கேமரா வைக்கச் சொன்னாய். கூடத்தில் வைக்கலாம், அவரிடம் சொல்லிவிட்டு. அப்பா துணி மாற்றும் இடத்திலும் அவர் தூங்கும் அறையிலும் வைக்க விடமாட்டேன். திருட்டைப் பற்றி உனக்குப் பயம் இருந்தால், பீரோவைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டால் தீர்ந்தது. மாத்திரைகளை வாரத்துக்கான டப்பாவில் நான் பிரித்து வைப்பேன், எடுத்துக் கொடுப்பது அவர். ரத்தம் உறையாமல் இருக்க அப்பா மாத்திரை சாப்பிடுவதால், தலையில் அடி பட்டால் வெளியே காயம் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியாயிற்று.

திங்கட்கிழமை வருகிறார். அன்றைக்குக் கூப்பிடாதே, எங்களுக்கு ஓடவே நேரம் சரியாக இருக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீடியோவில் கூப்பிடு. போனை முதலில் அப்பாவிடம் கொடுக்கச் சொல். ஏதாவது ஒன்று கேட்டுவிட்டு, பேசாமல் காத்திரு. அப்புறம் புதிதாக வந்தவரிடம் பேசு, அண்ணே என்று கூப்பிடு, உன்னைவிட மூத்தவர்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு. மாதத்தில் இரண்டு ஞாயிறு உன் தங்கை வந்து தங்குவதாகச் சொல்லியிருக்கிறாள். மற்ற இரண்டுக்குப் பகலில் அந்தச் சின்னப் பெண்ணைக் கேட்டுப் பார்க்கலாம், ராத்திரி நான் பார்த்துக்கொள்வேன். நீ லீவில் வரும் மாதம் நாலு ஞாயிறும் உன்னுடையது. வந்ததும் வீல்சேரில் பிரேக் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன்.

அன்புடன்,
அம்மா