எங்கள் மாதிரி ரயில் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கும் இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். அவர்கள்தான் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

இந்த ஆண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. சுதந்திர தினத்தன்று பள்ளிப் பிள்ளைகள் வந்து வண்டி ஓடுவதைப் பார்த்தார்கள். ஆயுத பூஜை வழக்கம்போல நடந்தது. செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை ஒரு நாள் போய் வந்தோம். மற்றவை மினிட் புத்தகத்தில் இருக்கின்றன.

இனி தண்டவாள வளைவு விஷயத்துக்கு வருகிறேன். செயலாளர் யாரையும் கேட்காமல் தண்டவாளத்தைப் பிரித்துப் போட்டுவிட்டார், ஏழு மாதம் வண்டியே ஓடவில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஏழு மாதம் ஓடவில்லை என்பது உண்மை. ஏன் பிரித்தேன் என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

சங்கம் தொடங்கியபோது 8க்கு 4 பிளைவுட்டை அறுக்காமல் அப்படியே மேசையாகப் போட்டோம். 4 அடி என்றால் 122 சென்டிமீட்டர். அதற்குள் வண்டி திரும்ப வேண்டுமானால், ஓரம் விட்டது போக வெளிப்பாதைக்கு 55, உள்பாதைக்கு 50 சென்டிமீட்டர் ஆரம்தான் கிடைக்கும். அன்றைக்கு நம்மிடம் இருந்தவை பாக்ஸ்என் எனும் நிலக்கரி ஏற்றும் திறந்த வேகன்கள். நிஜத்தில் 10.7 மீட்டர் நீளம். நம்முடைய 87இல் ஒரு பங்கு அளவில் 12 சென்டிமீட்டர் சொச்சம். அவை அந்த வளைவில் ஒரு குறையும் இல்லாமல் ஓடின.

அப்புறம் ரயில்வேயில் ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் நான்கு என்எம்ஜி வேகன்களைத் தன் கையாலேயே செய்து கொடுத்தார். ஓடி ஓய்ந்த பயணிகள் பெட்டியின் ஜன்னல்களை அடைத்து, கார் ஏற்றுவதற்காக மாற்றிய வேகன் அது. மதுரை, திருநெல்வேலி மார்க்கத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு அந்தச் சாயல் நன்றாகத் தெரியும். உடல் நீளம் 21.3 மீட்டர், நம் அளவில் 24.5 சென்டிமீட்டர். அதே சமயம் இன்னொரு உறுப்பினரின் மகன் அமெரிக்காவிலிருந்து 89 அடி கார் வேகன் ஒன்று கொண்டு வந்தார். நம் அளவில் அது 31 சென்டிமீட்டர். எல்லோருக்கும் சந்தோஷம். மாட்டி ஓட்டியபோதுதான் தெரிந்தது.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், உள்பாதையில் என்எம்ஜி வரிசையும் வெளிப்பாதையில் பயணிகள் வண்டியும் ஒரே நேரத்தில் வளைவுக்கு வந்தன. என்எம்ஜியின் மூலை, பயணிகள் பெட்டியின் நடுப்பக்கத்தில் இடித்தது. நீலப் பெயின்டில் நகத்தால் கீறியதுபோல ஒரு கோடு விழுந்தது. பெட்டி சாய்ந்து நின்றது. வேகன் செய்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அன்று இரவே அளந்தேன். நீளமான வண்டி வளைவில் நிற்கும்போது நடுப்பகுதி உள்பக்கமாகவும், இரண்டு முனைகளும் வெளிப்பக்கமாகவும் பிதுங்கும். பெட்டிக்கு அடியில் முன்னும் பின்னும் இருக்கும் சக்கரச் சட்டத்தைத்தான் போகி என்கிறேன். நம் பெட்டிக்குப் போகி மையங்களுக்கு இடையே 17 சென்டிமீட்டர். 55 ஆரத்தில் நடுப்பகுதி 6.6 மில்லிமீட்டர் உள்ளே வருகிறது. 50 ஆரத்தில் முனை 7.8 மில்லிமீட்டர் வெளியே போகிறது. பெட்டி அகலம் 37 மில்லிமீட்டர். எல்லாம் சேர்த்தால் 51க்கு மேல். பாதைகளுக்கு இடையே நாம் விட்டிருந்தது 50 மில்லிமீட்டர். இடிக்காமல் என்ன செய்யும்? ஓட்டியவர் மேல் தப்பே இல்லை.

இடிப்பது மட்டுமல்ல. நீட்டு வேகனை பாக்ஸ்என்னோடு சேர்த்து மாட்டினால், நீட்டு வேகனின் கப்ளிங், அதாவது அடுத்த வேகனோடு மாட்டும் கொக்கி, வெளியே வெகுதூரம் நகர்ந்து குட்டை வேகனைத் தண்டவாளத்தை விட்டே இழுத்துவிடுகிறது. எடை குறைந்த நீட்டு வேகனை என்ஜினுக்கு அடுத்து வைத்து, பின்னால் பாரமான முப்பது வேகன்களை மாட்டினால், கயிற்றை இழுத்தால் நேராவதுபோல வண்டி முழுதும் நேராகப் பார்க்கிறது. நடுவில் இருப்பது வளைவின் உள்பக்கமாகக் கவிழ்கிறது. பின்னோக்கித் தள்ளினால் இதற்கு நேர்மாறாக வெளியே பிதுங்கி விழுகிறது. செங்கோட்டை மலைப்பாதையில் பின்னால் ஒரு என்ஜின் தள்ளிக்கொண்டு வருவதை நாம் எல்லோரும் பயணத்தில் பார்த்தோம். முன்னால் இழுக்கிற பாரம் அதனால் பாதியாகப் பிரிந்துபோகிறது. நம் மேசையிலும் அதைச் செய்து பார்த்தேன். இரண்டு என்ஜின்களின் வேகமும் ஒத்துப்போகாத வரை அது உதவாது.

ஆகவே மேசையின் இரு பக்கமும் அரையடி சேர்த்து, 5 அடியாக்கினேன். வெளிப்பாதையின் ஆரம் இப்போது 70, உள்பாதைக்கு 64 சென்டிமீட்டர், இடைவெளி 60 மில்லிமீட்டர். நேர்ப்பாதையிலிருந்து வண்டி சட்டென்று வளைவுக்குள் நுழையாமல், 45 சென்டிமீட்டர் தூரத்துக்கு மெல்ல மெல்ல வளையும்படி செய்தேன். இதற்கு வட்டத்தை நேர்க்கோட்டிலிருந்து 12 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வரைந்து, இரண்டையும் மெல்லிய மரச் சட்டம் ஒன்றை வளைத்து இணைத்தால் போதும். சட்டம் தானாகவே சரியான வளைவைக் காட்டிவிடும். வெளிப்பாதையிலிருந்து உள்பாதைக்கு மாறும் இடத்தில் தடம் மாற்றும் பாயிண்டுகள் இரண்டு ஒட்டி நின்று வண்டியை இடமும் வலமுமாக உடனே திருப்பின. நடுவில் 32 சென்டிமீட்டர் நேர்ப்பாதை வைத்தேன். மிக நீளமான வேகன் அதற்குள் நேராகிவிடும்.

போகியோடு சேர்ந்திருந்த கப்ளிங்குகளைக் கழற்றி, பக்கவாட்டில் தாராளமாக அசையும் நீண்ட கப்ளிங்குகளை வேகனின் அடித்தட்டில் பொருத்தினேன். தள்ளும்போது போகி கோணாமல் இருப்பதற்கு அதுதான் வழி. எடைக்கு அமெரிக்கக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு நல்ல கணக்கு: 1 அவுன்ஸ், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். என்எம்ஜிக்கு 165 கிராம் வருகிறது. நம்முடையது 90தான் இருந்தது. கார் டயர் கடையில் சக்கரத்துக்கு ஒட்டும் எடைக் கட்டிகளை வாங்கி, தரையோடு தரையாக ஒட்டினேன்.

பங்குனி மாதம் முதல் முறையாக நான்கு என்எம்ஜியும் தள்ளியும் இழுத்தும் ஒரு மணி நேரம் விழாமல் ஓடின. பயணிகள் வண்டி பக்கத்திலேயே கடந்து போனது. இரண்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் அகலம் இருந்தது. அதைப் பார்க்க வந்தவர்கள் நான்கு பேர்.

உறுப்பினர் 23 பேர். ஞாயிறுதோறும் வருபவர்கள் ஆறு பேர். மரம் அறுக்கவும் சால்டர் வைக்கவும் வந்தவர்கள் மூன்று பேர். வேலை, பிள்ளைகளின் படிப்பு, கோயில் கொடை எல்லாம் எனக்கும் உண்டு. ஆனால் ஒன்பது பேர் ஒரு வருடச் சந்தாவையே கட்டவில்லை. மாதம் 100 ரூபாய். கேட்டால் "அடுத்த வாரம் தாரேன் தம்பி" என்கிறார்கள். அடுத்த வாரம் அவர்களைப் பார்க்க முடிவதில்லை. பிளைவுட்டுக்கும் தண்டவாளத்துக்கும் முன்பணம் கொடுத்தது யார் என்பது பொருளாளருக்குத் தெரியும். செயற்குழுவைக் கேட்காமல் செலவு செய்தது முறையில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு கூட்டங்களுக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான ஆள், சேரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கிறது. கையிருப்பு சிறிது உண்டு. விவரம் பொருளாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இடம் கொடுத்த அண்ணாச்சிக்கும், ஞாயிறுதோறும் காபி கொடுத்த மதினிக்கும், பொருளாளருக்கும், மரவேலை செய்து தந்த தச்சருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்க வேகன் இன்னும் நிம்மதியாக ஓடவில்லை. தனியாக, மெதுவாகத்தான் போகிறது. வேகன் நீளத்தைப் போல ஆரம் மூன்று மடங்காவது வேண்டும் என்பது இந்தத் துறையில் பழகியவர்கள் சொல்வது. 31க்கு 93. வளைவுக்கு மட்டும் இரண்டு மீட்டர் அகலம் வேண்டும். இந்த மச்சு அறையில் அது நடக்காது. தவிர அண்ணாச்சியின் மகன் குடும்பத்தோடு ஊருக்கு வருவதால் தை மாதத்துக்குள் அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

பாளையங்கோட்டையிலோ டவுனிலோ பழைய வீடு வைத்திருக்கும் உறுப்பினர்கள் நம்மில் மூன்று பேராவது இருக்கிறார்கள். பட்டாசல், அதாவது கூடம், பூட்டிக் கிடக்கிறது என்று அவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். மின்கட்டணத்தைச் சங்கம் கட்டும். மேசையைத் துண்டு துண்டாகக் கழற்றும்படிதான் செய்திருக்கிறேன். சந்தா பாக்கியை ஐப்பசி மாதத்துக்குள் பொருளாளரிடம் சேர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு அறை திறந்திருக்கும். சாவி என்னிடம் இருக்கிறது.

செயலாளர்