உன் பத்தியைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. நீ வாட்ஸப்பில் அனுப்பிய இங்கிலீஷ் பத்தியைப் படித்தேன். 'ஸ்பெல்லிங் மட்டும் பாருங்கப்பா, மத்ததெல்லாம் ஓகே' என்று போட்டிருந்தாய். ஸ்பெல்லிங்கில் ஒரு குறையும் இல்லை. மற்றதுதான் சரியில்லை. போனில் சொல்லலாம் என்று கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய். எழுதினால் எனக்கும் நிதானமாக வரும், அதனால் எழுதுகிறேன்.

உன் ஆய்வேட்டுக்கு, அந்த டிசர்டேஷனுக்கு, கூடுதல் அவகாசம் கேட்கிற கடிதம் இது. படிக்கப்போகிறவர் உன்னைப் பார்த்ததே இல்லாத ஓர் ஆபீசர். அவர் மேசையில் இதே மாதிரி இன்னும் எத்தனையோ கிடக்கும். நீ என்ன எழுதியிருக்கிறாய் பார். ஸ்காட்லாந்தில், அபர்தீனில் இந்த ஆகஸ்டிலும் மழை விடவில்லை. கடையில் உன் ஷிஃப்டை மாற்றிவிட்டார்கள். கூட இருந்த பெண் ரூமைக் காலி செய்துவிட்டாள். லேபிலிருந்து டேட்டா வரத் தாமதம். நடுவில் ஒரு துண்டு, 'சில உடல்நலக் காரணங்களால்' என்று. அப்புறம் கைடு ரொம்ப நல்லவர், அவருக்கு நன்றி. கடைசி வரியில்தான் நான்கு வாரம் வேண்டும் என்பது வருகிறது. இது பத்தி இல்லை கண்ணு, தீபாவளிக்கு ஊருக்கு வருகிறவர்களின் பை மாதிரி இருக்கிறது. எதை எடுக்கக் கைவிட்டாலும் வேறொன்று வருகிறது.

ஒரு பத்தியில் ஒரு சங்கதி. இதை நான் காலேஜில் படிக்கவில்லை, உனக்கே தெரியும். ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தபோது கற்றுக்கொண்டதுதான். பெரிய துரை சென்னையில் இருப்பார், மாசம் ஒரு ரிப்போர்ட் இங்கிலீஷில் போக வேண்டும். அவர் முதலில் ஒவ்வொரு பத்தியின் முதல் வரியை மட்டும் படிப்பார். சந்தேகம் வந்த இடத்தில்தான் கீழே இறங்குவார். ஆகவே முதல் வரிகளை மட்டும் சேர்த்துப் படித்தாலே எஸ்டேட்டின் நிலை தெரிய வேண்டும். அந்தப் பச்சை நோட்டில் நகல்கள் இன்னும் இருக்கின்றன. நீ சின்ன வயதில் அதன் பின்பக்கம் மயில் வரைந்து வைத்தாயே, அதே நோட்டுதான்.

அதில் ஒரு பத்தியைத் தமிழில் சொல்கிறேன். முதல் வரி: 'கிழக்குச் சரிவில் இந்த வருஷம் பூ சரியாகப் பிடிக்கவில்லை.' அடுத்தது காரணம். மார்ச் முடிந்தும் சேர்ந்தாற்போல் ஓர் இஞ்ச் மழை விழவில்லை. அடுத்தது கண்ணால் பார்த்தது. மொட்டு விரியாமல் செடியிலேயே கருகி நிற்கிறது. அப்புறம் விளைவு. டிசம்பர் பறிப்பில் அந்தச் சரிவில் பழம் குறையும். கடைசியில் கேட்பது. குட்டையில் பம்ப் வைத்து ஸ்பிரிங்க்ளர் போட உத்தரவு வேண்டும். அவ்வளவுதான். மிளகு அந்த வருஷம் நன்றாகக் காய்த்திருந்தது, ஆனால் அது அந்தப் பத்தியில் வராது. அதற்கு அடுத்த பத்தி. நல்ல செய்தியைக் கூடவே வைத்துக் கெட்ட செய்தியை மறைக்கிறாயா என்று துரை கேட்பார்.

உன் பத்தியின் முதல் வரியை மட்டும் படித்தால் அபர்தீனில் மழை பெய்கிறது என்பதுதான் தெரிகிறது.

நீ அந்த ஊருக்குப் போவது முடிவானதும் ஊரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இங்கிலீஷில் பத்தி எழுதுவதற்கென்று விதிகளை வகுத்துப் பாடமாக்கிய அலெக்சாண்டர் பெயின் அபர்தீன்காரர்தான். அங்கேயே பேராசிரியராக இருந்தார். 1866இல் வந்த அவருடைய புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது. பத்தியின் முதல் வாக்கியம், முன்னுரையாக வந்தாலொழிய, எதைப் பற்றிய பத்தி என்று காட்டிவிட வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முந்தியதோடு என்ன சம்பந்தம் என்பது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். விஷயத்தை விட்டு விலகக் கூடாது. அவர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியில் உட்கார்ந்தவர். அம்மாப்பேட்டையில் உன் தாத்தா போட்டிருந்த குழித்தறிதான் ஞாபகம் வந்தது. தறிக்காரர் பேத்தி அதே ஊரில் படிக்கிறாள் என்று கண்ணங்குறிச்சி பஸ்ஸில் ஒருத்தர் விடாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மா திட்டுகிறாள்.

சரி, வாக்கியங்களுக்கு வருகிறேன்.

ரூம்மேட் போன வரிக்கும் உடல்நல வரிக்கும் அடுத்து, 'திஸ்' என்று ஆரம்பித்து, இது என் வேலையை மிகவும் பாதித்தது என்கிறாய். எது? அந்தப் பெண் போனதா, உடம்பா? இங்கிலீஷில் 'திஸ்' என்று தனியாக நிறுத்தினால் படிப்பவன் பின்னால் திரும்பித் தேடுவான். பக்கத்திலேயே ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுவிட வேண்டும். இந்தக் காய்ச்சல், இந்தத் தாமதம், இந்த வலி என்று எதுவாக இருந்தாலும். எதுவோ அதை எழுது.

அடுத்தது, ஓய்வெடுக்கும்படி அறிவுறுத்தப்பட்டேன் என்று செயப்பாட்டுவினையில் எழுதியிருக்கிறாய். யார் அறிவுறுத்தினார்கள்? டாக்டரா, நர்ஸா, கூடப் படிக்கிற பெண்ணா? இப்படி எழுதினால் செய்தவர் மறைந்துபோவார். ரிப்போர்ட்டில் சில இடத்தில் அது சௌகரியம், நானும் எழுதியிருக்கிறேன். அவகாசம் கேட்கிற கடிதத்தில் அது எடுபடாது. டாக்டர் சொன்னாரென்றால் டாக்டர் சொன்னார் என்று முதலில் வைத்து எழுது.

மூன்றாவது காலம். 'ஹேவ் பீன்' போட்டிருக்கிறாய். அப்படியென்றால் அப்போது தொடங்கியது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முடிந்துவிட்டதென்றால் 'வாஸ்' வர வேண்டும். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் அதில் கை வைக்கவில்லை. போன மாசம் வீடியோவில் பேசும்போது முகம் வாடியிருந்தது. கேமரா சரியில்லை என்றாய்.

அத்தை விஷயம் உனக்கே தெரியும். அவளும் 'ஒண்ணுமில்லண்ணா, சும்மா அசதி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை விடு.

'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்', 'இன் அடிஷன்' மூன்றையும் அடுத்தடுத்து போட்டிருக்கிறாய். இணைப்புச் சொல் போட்டால் சம்பந்தம் வந்துவிடாது. முந்தின வாக்கியம் எங்கே முடிந்ததோ அங்கிருந்து அடுத்ததை எடுத்தால் தானாகவே ஒட்டிக்கொள்ளும். மேலே சொன்ன ரிப்போர்ட்டில் மழை, மொட்டு, பழம், பம்ப் என்று எப்படிப் போகிறது பார், நடுவில் ஒரு 'மோர்ஓவர்' தேவைப்படவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியாதது இல்லை. ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்தபோது 40 நிமிஷத்தில் 250 வார்த்தைக்கு மேல் எழுதி, பத்தி பத்தியாகப் பிரித்து என்னிடம் நீட்டுவாயே. ஒரு வரியில்கூட நான் கை வைக்க இடம் இருக்காது. அப்படி எழுதின பிள்ளை இப்படி எழுதினால் நான் என்ன நினைப்பது? அவசரத்தில் எழுதினதா, எழுத முடியாமல் எழுதினதா?

கடை ஷிஃப்ட் அந்த ஆபீசருக்கு எதற்கு? அந்த வரியை எடுத்துவிட்டேன். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று விசாவிலேயே இருக்கிறது, அதற்கு மேல் போவதில்லைதானே? பணம் வேண்டுமென்றால் கேள். கைடுக்கு நன்றி சொல்வதைத் தனியாக இரண்டு வரியில் அவருக்கே எழுது. லேப் டேட்டா உண்மையான காரணமாக இருந்தால் அதற்கு இரண்டாவது பத்தி. ஆனால் அது காரணம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் மாற்றி வைத்திருக்கிற வரிசை இது. முதல் வாக்கியத்திலேயே, உடல்நிலை காரணமாக நான்கு வாரம் கேட்கிறேன் என்று வருகிறது. அடுத்து என்ன உடம்புக்கு, எப்போதிலிருந்து, யார் பார்த்தார்கள். அதற்கடுத்து அதனால் எந்த அத்தியாயம் நின்றுபோனது. அப்புறம் நான்கு வாரத்தில் எதை எதை முடிப்பாய். கடைசியில் டாக்டர் சர்டிபிகேட் இணைத்திருக்கிறேன் என்ற வரி. பத்திக்கு இத்தனை வரி என்று சட்டம் கிடையாது, செய்தித்தாளில் ஒரு வாக்கியமே ஒரு பத்தியாக நிற்கும். உனக்கு ஐந்தாறு வாக்கியம் போதும். முதல் வாக்கியத்தில் காரணத்தைச் சொல்லிவிடு, அதுதான் முக்கியம். வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்கிறவர்கள் ஒன்றும் அடிக்க மாட்டார்கள். முதல் வாக்கியத்தில் சொல்லிவிடு.

சர்டிபிகேட் வாங்கவில்லை என்றால் உடனே போ. விசா எடுக்கும்போதே ஹெல்த் சர்சார்ஜ் கட்டியிருக்கிறோம், டாக்டரைப் பார்க்கத் தனியாகக் காசு இல்லை. டாக்டர் கிளினிக் மூடியிருக்கிற நேரத்தில் 111 என்று அடித்தால் அங்கே பேசுவார்கள். நீ அங்கேயே இருக்கிறாய், உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை முடிந்தது. குகை வண்டி வேடிக்கைக்கு அம்மா இந்த வருஷம் வரவில்லை, கூட்டம் ஆகாது என்றாள். மலையில் நல்ல மழை.

அம்மாவிடம் ஸ்பெல்லிங் பார்க்கச் சொன்னாய் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஸ்பெல்லிங் பார்க்க இவ்வளவு நேரமா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

திருத்தின பத்தி தனியாக வருகிறது. இரண்டாவது வாக்கியத்தில் மூன்று இடம் கோடு போட்டு விட்டிருக்கிறேன். என்ன என்பதற்கு ஒன்று, எப்போதிலிருந்து என்பதற்கு ஒன்று, யார் பார்த்தார்கள் என்பதற்கு ஒன்று. அதை நீதான் நிரப்ப வேண்டும். நிரப்பி ஆபீசுக்கு அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை அனுப்பு, சர்டிபிகேட்டையும் சேர்த்து. தேதிகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ராத்திரி பதினொன்று வரை முழித்திருப்பேன், உனக்கு அப்போது சாயங்காலம் ஆறரைதான் ஆகியிருக்கும். எழுதக் கை வரவில்லை என்றால் போன் பண்ணு, நீ சொல்லச் சொல்ல நானே எழுதிக்கொள்கிறேன்.

அப்பா