அம்மாவின் சுண்ணாம்பு

சுங்கை சிப்புட்,
வியாழன் இரவு

பத்மா,

நீ அனுப்பிய மூன்று குரல் பதிவையும் கேட்டேன். மூன்றாவதில் ஒன்றுமே பேசாமல் மூச்சு மட்டும் விட்டிருக்கிறாய், அதுதான் பயமாக இருந்தது. ஐந்து மாதமாகப் பதில் போடாதவளைத் திட்ட உனக்கு உரிமை உண்டு. ஆனால் திட்டுவதற்கு முன் இதைப் படி, ஏனென்றால் தீபாவளிக்குள் வீட்டுக்குச் சாயம் அடிக்கப்போவதாக இரண்டாவது பதிவில் சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்டதும்தான் பதறிப்போய் எழுத உட்கார்ந்தேன்.

எல்லோரும் சுகம். உன் அண்ணனுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வாய் இறங்கவில்லை. சின்னவளுக்கு ஈப்போவில் வேலை கிடைத்துவிட்டது. அப்புறம் பெரிய செய்தி, நாங்கள் அம்மா வீட்டுக்கே குடி போகிறோம். தம்பி வாடகைக்கு விடலாம் என்றான். நான் முடியாது என்றேன். அவ்வளவுதான், அதில் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை எல்லாம் சுவரோடுதான்.

அம்மாவின் வருசத் திதிக்கு முன்னால் தம்பி வீட்டுக்குச் சாயம் அடித்தான் இல்லையா, படம்கூட அனுப்பினேனே. இரண்டே நாளில் மொத்த வீட்டையும் முடித்துவிட்டு, என்னவோ துரை பங்களாவையே கட்டி முடித்தவன் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றான். மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு மழைவாரத்துக்குப் பிறகு கதவைத் திறந்தால் ஹால் சுவர் முழுக்கக் கொப்புளம். நகத்தால் ஒரு ஓரத்தைத் தூக்கினேன், பால் காய்ந்த ஏடு மாதிரி ஒரு முழம் நீளத்துக்கு அப்படியே உரிந்து கையோடு வந்துவிட்டது. உரிந்ததைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது.

சாயம் மட்டம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று தம்பி குதித்தான். நான் சாயக்காரர் தாடி அண்ணனைக் கூட்டி வந்தேன். ஆமாம், அதே தாடி அண்ணன்தான், இன்னும் இருக்கிறார், உன் சைக்கிளையும் மறக்கவில்லை. இப்போது ஏணி ஏறுவதில்லை. நடு ஹாலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கோப்பி ஓ வாங்கி வரச் சொன்னார், குடித்து முடித்தார், எழுந்து போய் உரிந்த இடத்தில் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தார். கை முழுக்க வெள்ளை. அதில் லேசாக ஒரு நீலம். "உங்கம்மா வேலைதான் இது," என்றார்.

பத்மா, எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோட்டத்து வரிசை வீட்டில், அந்த லயத்தில் இருந்தபோது தீபாவளி வந்தால் எல்லோர் வீட்டிலும் சுண்ணாம்பு அடிப்பார்களே, தகரத்தில் சுண்ணாம்பைக் கரைத்து, பளிச்சென்று இருக்க அதில் துணிக்குப் போடும் நீலத்தைத் துளி போடுவார்களே. 1986இல் தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்தபிறகும் அம்மா அதை விடவில்லை! சிமெண்டுச் சுவருக்கு எதற்கம்மா இது என்று அப்பா கேட்டும், நாலைந்து வருசம் தானே கரைத்துத் தானே அடித்தார். அதற்கு மேல்தான் பிறகு வந்த ஒவ்வொரு சாயமும் உட்கார்ந்திருந்தது. சுண்ணாம்பு நாளாக ஆக மாவாகிவிடும். மேலே அடிக்கிற சாயம் காய்ந்து ஒரு தோல் மாதிரி இறுகும்போது அந்த மாவைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. ஓதம் ஏறியதும் எல்லாம் சேர்ந்து கழன்றுவிடும். தம்பியின் சாயம் நல்ல சாயம்தான், பாவம். அவன் மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி நீட்டியதை மட்டும் தாடி அண்ணன் மன்னிக்கவே இல்லை. பத்து பங்குக்கு ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் போகவே கூடாதாம், டின்னில் எழுதியிருப்பதையாவது படித்திருக்கலாம்.

அதனால் நீ முதலில் செய்யவேண்டியது இதுதான், சாயக் கடைப் பக்கம் போகாதே, சுவரைப் போய்த் தொடு. உள்ளங்கையால் தேய், மாவு ஒட்டுகிறதா பார். செலோடேப்பை ஒரு சாண் அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழு, பழைய சாயம் அதோடு வந்தால் சுரண்டித்தான் ஆகவேண்டும். குளியலறையை ஒட்டிய சுவரில் ஓரடிக்கு ஓரடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடு. உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது, குழாய்க்காரனைக் கூப்பிடு, சாயக்காரனை அல்ல. எங்கள் பின்சுவரில் உப்புப் பூத்து நின்றது. பார்த்தால் குளியலறைக் குழாய் எத்தனை வருசமாகக் கசிந்ததோ! அதைச் சரிசெய்து, சுவர் காய இரண்டு வாரம் சும்மா இருந்தோம். உன் அண்ணன் தினமும் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

உன் மகன் சமையலறைச் சுவரை இடித்துப் புதிதாகப் பூசினான் என்றாயே, அதை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. புதுப் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் கொடு. வெளியே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே சிமெண்டின் காரம் இருக்கும், அது சாயத்தைத் தின்று நிறத்தைத் திட்டுத்திட்டாக்கும். சாயத்துக்கு அடியில் அடிக்கிற பூச்சு இருக்கிறதே, காரம் தாங்குகிற சீலர் என்று கேட்டு வாங்கி முதலில் அதை அடி. தீபாவளிக்குள் நாள் பத்தவில்லை என்றால் அந்த ஒரு சுவரைச் சும்மா விடு, விருந்தாளி யாரும் உன் சமையலறைச் சுவரைப் பார்க்க வரப்போவதில்லை, முறுக்குக்குத்தான் வருவார்கள்.

சுரண்டுவதைப் பற்றி என்ன சொல்ல! ஹாலுக்கு மட்டும் ஆறு நாள். சுவரை நனைத்து, ஊறவிட்டு, சுரண்டியால் இழுத்தால் கூழ் மாதிரி வரும். நானும் தம்பி பெண்டாட்டியும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு செய்தோம், தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் போகிற கோலத்தில். பழைய கதவு, சன்னல் கம்பியில் இருக்கிற எண்ணெய்ச் சாயத்தை மட்டும் வறட்டுத் தேய்ப்புத் தேய்க்காதே, அந்தக் காலத்துச் சாயத்தில் ஈயம் இருக்கும், தூசி குழந்தைகளுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டு ஈர சேண்ட்பேப்பரால்தான் தேய்க்கவேண்டும், பேரனை அந்தப் பக்கமே விடாதே. மேலே பழைய அஸ்பெஸ்டாஸ் சீலிங் இருந்தால் சேண்ட்பேப்பர் அங்கே போகவே கூடாது, துளைக்கவும் கூடாது. ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டு அப்படியே மேலே அடித்துவிடு.

கறுப்புப் பூஞ்சைக்குக் குளோராக்ஸ் ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. பூசி கால் மணி நேரம் விட்டுக் கழுவு. சன்னலைத் திற, கையுறை போடு, அதோடு வினிகரையோ கக்கூஸ் கழுவுகிற அமிலத்தையோ கலந்துவிடாதே, விஷவாயு வரும். நீ எல்லாவற்றையும் கலக்குகிறவள், அதனால்தான் சொல்கிறேன், கலாசாலையில் மை செய்த நாள் ஞாபகம் இருக்கட்டும். அடுப்புப் பக்கத்துச் சுவரைப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய், எண்ணெய்ப் பிசுக்கு மேல் எந்தச் சாயமும் நிற்காது. அங்கே துடைக்கக்கூடிய, லேசான பளபளப்புள்ள சாயமாக வாங்கு. ஹாலுக்கு மங்கல் போதும், சுவரின் மேடு பள்ளத்தை அது மறைக்கும்.

இதெல்லாம் முடிந்து சீலரும் அடித்தபிறகுதான் அந்தச் சாமி மேடை விஷயம்.

உனக்குத் தெரியும், அம்மாவின் விளக்கு ஒரு நாள் அணைந்ததில்லை. மேடைக்கு மேலே சுவரில் ஒரு கரி, வாழைப்பூ மாதிரி, அடியில் குறுகி மேலே விரிந்து. கழுவினோம், பாதி போனது. வெள்ளை அடித்தோம், மறுநாள் காலையில் மஞ்சளாக ஊறி வெளியே வந்து நிற்கிறது. இன்னொரு கோட், அதிலும் வந்தது. மூன்றாவது கோட்டும் அடித்து, மறுநாள் போய்ப் பார்க்க எனக்குக் கால் வரவில்லை. தம்பி பெண்டாட்டி கதவோரமாக நின்றுகொண்டு, "அத்தைக்கு இஷ்டமில்ல போல அண்ணி," என்று மெதுவாகச் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டியதுதான், ஆனால் சிரிக்க வரவில்லை, பத்மா. அங்கேயே சாய வாளி பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை, அன்று வந்தவர்களுக்குச் சாப்பாடு பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

தாடி அண்ணன் நாற்காலியை விட்டு எழவில்லை. "நல்லெண்ணெய்ப் புகைம்மா, சாம்பிராணிப் புகைம்மா. தண்ணிச் சாயத்துல கரைஞ்சு மேல ஏறி வருது. எண்ணெய் சீலர் அடி, அடங்கிரும்," என்றார். மூன்று கோட் அடிக்கும்வரை இதை ஏன் சொல்லவில்லை என்றதற்கு, நீ கேட்கவில்லையே என்கிறார். எப்போதும் இதே குணம்! கறை அடக்குகிற எண்ணெய் சீலர், ஒரு லிட்டர் டின் போதும். நெடி பயங்கரம், சன்னலைத் திறந்துவைத்து, விளக்கு எதுவும் எரியாமல் அடிக்கவேண்டும். பிரஷை அப்புறம் தின்னரில் கழுவு.

நிறத்துக்கு வேறு ஒரு பெரிய சண்டை. சின்னவள் சாம்பல் நிறம்தான் இப்போது எல்லோரும் அடிக்கிறார்கள் என்றாள். வீடா, பிரேதக் கொட்டகையா என்று உன் அண்ணன் கேட்டுவிட்டார், இரண்டு நாள் பேச்சு இல்லை. கடை அட்டையில் இருக்கிற தபால்தலை அளவு நிறத்தை நம்பாதே, சுவர் முழுக்க அடித்தால் இன்னும் அழுத்தமாகத் தெரியும். சின்ன டின் வாங்கி, பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலையில் ஒரு முறை, ராத்திரி டியூப் லைட்டில் ஒரு முறை பார். கடைசியில் நான் எடுத்தது வெள்ளையில் லேசாக நீலம் கலந்த ஒன்று. ஏன் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

எவ்வளவு வாங்குவது என்று கேட்பாய். எங்கள் ஹால் 12க்கு 14 அடி, உயரம் 10. சுற்றளவு 52, பத்தால் பெருக்கினால் 520 சதுர அடி, கதவு சன்னலுக்கு 80 கழி, 440, அதாவது ஏறக்குறைய 41 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குப் பத்து சதுர மீட்டர் வரும், இரண்டு கோட்டுக்கு எட்டு லிட்டர் சொச்சம். ஐந்து லிட்டர் டின் இரண்டு. இரண்டையும் திறந்து பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கிவிடு, டின்னுக்கு டின் நிறம் ஒரு பொட்டு மாறும், நடுச்சுவரில் மாறினால் அசிங்கம். மீந்ததைப் பாட்டிலில் ஊற்றி நிற எண்ணை எழுதி ஒட்டிவை.

அடிப்பது முதலில் சீலிங், பிறகு சுவர், கடைசியில் கதவு. காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து மழை இருட்டுவதற்குள் நிறுத்திவிடு. சுவிட்ச் மூடியைக் கழற்றுவதானால் மெயினை அணை. ஒரு ஆள் இரண்டு அங்குல பிரஷால் மூலையும் ஓரமும் இழுக்க, அது காய்வதற்குள் அடுத்த ஆள் ரோலரோடு பின்னால் வரவேண்டும். காய்ந்துவிட்டால் ஓரம் சட்டம் போட்ட மாதிரி தெரியும். அதனால்தான் அடிக்கும்போது காத்தாடியைப் போடாதே, வேர்த்தாலும் பரவாயில்லை. ஒரு சுவரைத் தொட்டால் அந்தச் சுவரை முடித்துவிட்டுத்தான் கோப்பி. அடுத்த கோட்டுவரை ரோலரைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கச் சுற்றி வைத்தால் கழுவவேண்டாம். கடைசிக் கோட் லேசாக ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக இழுத்து எடு, காயவிட்டால் சாயத்தையும் சேர்த்துக் கிழிக்கும். நான் கிழித்தேன். சமையலறை வாசலில் ஒரு கை நீளத்துக்குப் பல்லி ஓடின மாதிரி இருக்கிறது, நீ வந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பாய்.

இன்று காலையில் மேடைச் சுவருக்கு எண்ணெய் சீலர் அடித்தோம். சாயங்காலம் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன், எதுவும் மேலே வரவில்லை. நாளைக்கு நீலம் அடிக்கவேண்டும். தம்பி பெண்டாட்டி காலையில் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றிருக்கிறாள். அடிப்பதற்கு முன் விளக்கை வேறு இடத்தில் ஏற்றிவிடலாமா என்று கேட்டாள், சமையலறையில் ஏற்று, சுவரிலிருந்து ஓரடி தள்ளி வை என்றேன்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை வந்துவிடு. கதவுக்கு அடித்த எண்ணெய்ச் சாயம் அதற்குள் இறுகிவிடும், இருந்தாலும் சாயாதே.

செல்வி

பி.கு.: என் பெரிய இடியாப்ப உரலை எடுத்து வா. நாலு வருசமாகிறது.