கனிஸ்டர் வேண்டாம், சம்ப் வை

கொழும்பு

அன்பின் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. வெள்ளவத்தை ஃப்ளட்டுக்கு மாறியதும், மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்ததும் கேட்கச் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம், அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி விட்டபாடில்லை. மற்ற ஊர்க்கதைகளை நேரில் பேசுவோம். நீ வைக்கப்போகும் கடல்மீன் தொட்டிக்குக் கடைக்காரர் சொன்ன கனிஸ்டருக்கு, அதாவது பஞ்சு அடைத்த மூடிய வடிகட்டிக்கு, நீ முற்பணம் கட்டுவதற்குள் இந்தப் பதில் உன் கைக்கு வரவேண்டும் என்பதுதான் என் அவசரம்.

மச்சான், கனிஸ்டர் வேண்டாம். நன்னீர் மீனுக்கு அது நல்ல சாமான். கடல்நீரில் அதன் குறை வேறு. பஞ்சிலே பிடிபட்ட அழுக்கு வெளியே போவதில்லை, ஓடும் தண்ணீருக்குள்ளேயே கிடந்து அழுகுகிறது. அது அமோனியாவாகி, நைட்ரைட்டாகி, கடைசியில் நைட்ரேட்டாகத் தொட்டியில் சேர்கிறது. வாராவாரம் திறந்து கழுவுகிறவனுக்குப் பரவாயில்லை. ஆனால் அலுமாரிக்குள் இருக்கும் கனிஸ்டரை வாராவாரம் கழற்றுகிறவர் ஆயிரத்தில் ஒருவர்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒட்சிசன். 25 பாகை நன்னீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். கடலின் உப்பும் கொழும்பின் சூடும் சேர்ந்து தண்ணீர் 30 பாகைக்கு வந்தால் 6.2தான். கையிருப்பு ஏற்கெனவே குறைவு. கரண்ட் போனால் மூடிய கனிஸ்டருக்குள் இருக்கும் பக்டீரியா மிச்சத்தையும் தின்றுவிட்டுச் சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் முழுவதும் மீனின் முகத்துக்கு நேரே பாயும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டினார்கள், மறந்திருக்க மாட்டாய். தொட்டிக்குக் கீழே வடிகட்டியாக வைக்கும் திறந்த சிறு தொட்டியான சம்பில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

ஆகவே காசை சம்புக்கும் புரோட்டீன் ஸ்கிம்மருக்கும் வை. ஸ்கிம்மர் என்பது நுண்ணிய குமிழிகளைத் தண்ணீரோடு கலந்து மேலே அனுப்பும் குழாய்தான். மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உள்ள புரதமும் கொழுப்பும் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, நுரையாக ஏறி, மேலே உள்ள கிண்ணத்தில் விழும். அழுகுமுன்பே அழுக்கு வெளியே போய்விடும். போகிற போக்கில் தண்ணீருக்குக் காற்றும் கிடைக்கும்.

இனி உன் கணக்கு. 4 அடி, ஒன்றரை அடி, ஒன்றரை அடித் தொட்டி, ததும்ப நிரப்பினால் 255 லீற்றர் வரும். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக 210, 220 என்று வை. சம்ப் 30 அங்குல நீளம், 14 அகலம், 15 உயரம் போதும். அதில் தண்ணீர் 9 அங்குலம்தான் நிற்க வேண்டும். மேலே 6 அங்குலம் காலியாக இருக்கிறதே என்று நிரப்பப் போகாதே, அந்த 40 லீற்றர் இடம்தான் உன் தரையைக் காப்பாற்றும். சம்பிலிருந்து தண்ணீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் அதன் ரிட்டர்ன் பைப் வழியாகவே பின்வாங்கிக் கீழே இறங்கும். பைப்பின் வாய் நீர்மட்டத்துக்கு 4 அங்குலம் கீழே இருந்தால், அது வெளிப்படும் வரை சுமார் 57 லீற்றர் இறங்கிவிடும், சம்ப் வழிந்து கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். வாயை ஓரங்குல ஆழத்தில் வைத்தால் இறங்குவது 14 லீற்றரும் பைப்பில் நிற்பதும் மட்டும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் ஒரு சிறு துளையும் போடு, அதனால் காற்று புகுந்து இழுப்பு அறும். துளையில் பாசியும் உப்பும் அடைக்கும், மாதமொருமுறை ஊசியால் குத்தவேண்டும். துளையை மட்டும் நம்பி வாயை ஆழத்தில் வைக்காதே. மீன் விடுமுன் வேண்டுமென்றே பம்பை நிறுத்திப் பார், சம்ப் எவ்வளவு ஏறுகிறது என்று கண்ணாடியில் கோடு போட்டுக்கொள்.

சம்பை மூன்று அறையாகப் பிரிக்கச் சொல். முதல் அறையில் 200 மைக்ரோன் துணிப்பை, தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் அதற்குள் விழ வேண்டும். மூன்று நான்கு நாளுக்கொரு முறை பையை மாற்று, சவர்க்காரம் படவே கூடாது. இரண்டாம் அறை ஸ்கிம்மருக்கு. ஸ்கிம்மருக்கு நீர்மட்டம் ஒரே அளவில் நிற்க வேண்டும், பெரும்பாலானவை 8, 9 அங்குலம் கேட்கும். அந்த அறையின் தடுப்புக் கண்ணாடியை அதே உயரத்தில் ஒட்டினால் மட்டம் தானாக நிற்கும். பிறகு குமிழியைத் தடுக்க ஓரங்குல இடைவெளியில் இன்னும் இரண்டு கண்ணாடி, நடுவில் வருவது மட்டும் அடியிலிருந்து ஓரங்குலம் தூக்கி. கடைசி அறையில் ரிட்டர்ன் பம்ப்.

ஆவியாகும் தண்ணீரின் குறைவு அந்தக் கடைசி அறையில்தான் தெரியும். நாளைக்கு 3 லீற்றர் போனால், 8 அங்குலமும் 14 அங்குலமுமான அறையில் ஒன்றரை அங்குலம் இறங்கும். இரண்டு மூன்று நாள் பார்க்காமல் விட்டால் பம்ப் காற்றை இழுக்கும். ஈடுசெய்வது ஆர்ஓ வடிகட்டியில் சுத்தமாக்கிய உப்பில்லாத தண்ணீரால் மட்டும், உப்பு ஆவியாவதில்லையே. மிதவை வால்வோடு ஒரு கலன் வைத்துவிடு. பைப் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அதைச் சேர்க்காதே.

ஸ்கிம்மரை 400 முதல் 500 லீற்றர் என்று எழுதியிருப்பதாகப் பார். பெட்டியில் எழுதியிருப்பது மீன் குறைந்த தொட்டிக்கான கணக்கு. அதற்காக ஆயிரம் லீற்றருக்கானதும் வேண்டாம், இவ்வளவு சிறிய தொட்டியில் அதற்கு நுரை கட்டப் போதிய அழுக்கு கிடைக்காது. புதிய ஸ்கிம்மர் முதல் ஒன்றிரண்டு வாரம் கண்டபடி பொங்கும் அல்லது ஒன்றும் தராது, பழுது என்று திருப்பிக் கொடுக்காதே. பிளேன்டீ நிறத்தில் நாறும் தண்ணீர் கிண்ணத்தில் சேர்ந்தால் சரியாக வேலை செய்கிறது. மருந்தோ வோட்டர் கண்டிஷனரோ ஊற்றிய அன்று பொங்கி வழியும், அன்றைக்கு நிறுத்தி வை. கழுத்துப் பகுதியை வாரம் இருமுறை துடை, எண்ணெய்ப் பசை இருந்தால் நுரை ஏறாது. காற்றுக் குழாயின் நுனியில் உப்புக் கட்டி அடைப்பது வழமை, வெந்நீர் ஊற்றினால் கரையும். ஏசி போட்டுப் பூட்டிய அறை என்றால் அந்தக் குழாயை யன்னலுக்கு வெளியே விடு. அறைக்குள் சேரும் காபனீரொட்சைட்டை ஸ்கிம்மர் இழுத்தால் தண்ணீரின் பிஎச் இறங்கும்.

பக்டீரியாவுக்கு வீடு கல்தான். 20 கிலோ காய்ந்த செயற்கைக் கல் வாங்கு. கடலில் உடைத்த முருகைக்கல் என்று யாராவது கொண்டுவந்தால் தொடாதே, உடைப்பது சட்டப்படி குற்றம். வீட்டுக்கு முன்னால் கடல் கிடக்கிறதே என்று தண்ணீரும் அள்ளாதே, வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் அந்தக் கரையில்தான் விழுகின்றன. ஆர்ஓ தண்ணீரில் லீற்றருக்கு 36 கிராம் அளவில் உப்பு கரை, தொட்டிக்கு எட்டுக் கிலோவும் சம்புக்கு இன்னும் இரண்டு கிலோவும் வரும். அடர்த்தி 1.025 காட்ட வேண்டும்.

ரிட்டர்ன் பம்ப் மணித்தியாலத்துக்கு 800, 1000 லீற்றர் மேலே கொண்டுபோனால் போதும். பெட்டியில் உள்ள எண் தரைமட்டத்துக்கு உரியது. சம்பிலிருந்து தொட்டியின் விளிம்பு நாலேகால் அடி உயரம் என்றால், 2500 எழுதியதும் உச்ச உயரம் இரண்டரை மீற்றருமான பம்ப் பாதிக்கும் கீழேதான் தரும். உனக்கு அது சரி. தொட்டிக்குள் ஓட்டத்துக்கு வேவ்மேக்கர் தனியாக இரண்டு போடு, அந்த வேலையை ரிட்டர்ன் பம்பிடம் கேட்காதே. எல்லாம் அடப்டரில் ஓடும் டிசி பம்பாக இருந்தால் தண்ணீருக்கு ஏறும் சூடும் குறையும்.

கனடாவிலிருந்து அண்ணா பம்ப் அனுப்புவதாக எழுதியிருந்தாய். சொக்கெட்டில் நேரே செருகும் சாதாரண ஏசி பம்ப் என்றால் வேண்டாம் என்று சொல். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், இங்கே 230, 50. ட்ரான்ஸ்ஃபோமர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது, பம்ப் மெதுவாகச் சுற்றும். அடப்டரில் 100 முதல் 240 என்று எழுதிய டிசி பம்ப் அனுப்பினால் சரி. லண்டனில் வாங்கியது எதுவும் அப்படியே ஓடும், உன் வீட்டில் சதுர முள் சொக்கெட் என்றால் பிளக்கும் பொருந்தும். எல்லாவற்றையும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் கொடு. வயர் பிளக்கை விடக் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வழியும் உப்புத் தண்ணீர் சொக்கெட்டுக்குள் போகாது.

வடிகட்டும் கரியான காபன் 100 லீற்றருக்கு 50 கிராம் அளவில் ஒரு பையில் போட்டு மாதமொருமுறை மாற்று. யூவி விளக்கு, பொஸ்பேட் உறிஞ்சி எல்லாம் பிறகு, தேவை வந்தால். தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் வேண்டுமா என்பதைத் தெர்மோமீற்றர் சொல்லட்டும். சம்பின் மேல் ஒரு விசிறி ஒன்றிரண்டு பாகை குறைக்கும், ஆனால் நம் ஈரக்காற்றில் அதற்கு மேல் எதிர்பார்க்காதே. உயிருள்ள முருகை (பவளம்) வைக்கப் போகிறாய் என்றால் சில்லர் செலவு வந்தே தீரும். அப்போது அதை அலுமாரிக்குள் மூடி வைக்காதே, தன் சூட்டையே திரும்ப இழுக்கும்.

எல்லாம் பூட்டி ஓடவிட்ட பின் அமோனியா 2 பிபிஎம் (லீற்றருக்கு 2 மில்லிகிராம்) வரும்படி ஊற்றி, பக்டீரியா அதை ஒரே நாளில் தின்று அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகும் வரை பொறு. நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். முதலில் ஒரு சோடி க்ளவுன் மீன் போதும். பவுடர் புளூ டாங் மீன் ஆசையை விட்டுவிடு, அதற்கு நாலடி நீந்தப் போதாது, மனஉளைச்சலில் உடனே வெள்ளைப்புள்ளி நோய் பிடிக்கும்.

கண்ணாடி வெட்டக் கொடுக்குமுன் அலுமாரிக் கதவின் அகலத்தையும் உள்உயரத்தையும் அளந்து எனக்கு அனுப்பு. சம்ப் கதவு வழியாக உள்ளே போக வேண்டும், ஸ்கிம்மரின் கிண்ணத்தைத் தூக்கிக் கழற்ற மேலே ஆறு அங்குலமாவது வேண்டும். அளவு வந்ததும் தடுப்புகளின் படம் வரைந்து அனுப்புகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குமார்