தணிக்கைப் பத்திகளுக்குப் பதில் எழுதியவன் சொல்வது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டமன்றத்தில் சிஏஜி (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை வைக்கப்படும் ஒவ்வொரு முறையும் மறுநாள் நாளிதழ்களில் ‘இத்தனை கோடி இழப்பு’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வருகிறது. இரண்டு நாள் அறிக்கைப் போர் நடக்கிறது. அப்புறம் அந்த அறிக்கை என்ன ஆனது என்று யாரும் எழுதுவதில்லை. அரசுத் துறை ஒன்றின் கணக்குப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தணிக்கைக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தயாரிப்பது என் வேலையின் பெரும்பகுதி. எனவே அந்த ‘அப்புறம்’ பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ஏ.ஜி. ஆடிட் (சிஏஜியின் கீழுள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத் தணிக்கை) வருகிறது என்றாலே அலுவலகத்தில் பீரோக்கள் திறக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். வருபவர்கள் சத்தம் போட மாட்டார்கள். பதிவேடுகளைப் புரட்டிவிட்டு ‘ஹாஃப் மார்ஜின்’ என்று ஒரு தாளை நீட்டுவார்கள். இடது பாதியில் கேள்வி இருக்கும், வலது பாதி நமக்கு. ‘வண்டியின் லாக் புத்தகப்படி அன்று ஓட்டம் இல்லை, அதே தேதியில் டீசல் பில் உள்ளது. காரணம் கூறவும்’ என்று இடப்பக்கம் இருந்தால், வலப்பக்கம் பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: ‘பதிவேடுகளைச் சரிபார்த்து விவரம் பின்னர் தெரிவிக்கப்படும்.’ அந்தப் ‘பின்னர்’ வரவே வராது என்பது கேட்டவருக்கும் தெரியும், எழுதுபவருக்கும் தெரியும். பதில் திருப்தியில்லாதவை ஆய்வறிக்கையில் ஏறும். அவற்றில் பெரியவை, சிஏஜி அறிக்கையில் சேர்ப்பதற்கான வரைவுப் பத்தியாகத் துறைச் செயலாளருக்குப் போகும். அங்கும் பதில் சரியில்லை என்றால்தான் அச்சேறும். ஆகவே, ‘எங்களைக் கேட்காமலே எழுதிவிட்டார்கள்’ என்று எந்தத் துறை சொன்னாலும் நம்ப வேண்டாம்.

சரி, அச்சேறிய அறிக்கைக்கு அடுத்து என்ன? அரசமைப்புச் சட்டத்தின் 151-வது பிரிவுப்படி மத்திய அரசு பற்றிய அறிக்கை குடியரசுத் தலைவருக்கும் மாநில அரசு பற்றியது ஆளுநருக்கும் போக வேண்டும். அவர்கள் அதை அவையில் வைக்கச் செய்ய வேண்டும். எத்தனை நாளுக்குள் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. சிஏஜியைப் பதவிநீக்கம் செய்ய உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு உள்ள அதே கடினமான நடைமுறையை வைத்து, அவருக்கு அவ்வளவு பாதுகாப்புக் கொடுத்தவர்கள், அவருடைய அறிக்கைக்கு ஒரு தேதி கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். டெல்லியில் 14 அறிக்கைகள் அவைக்கு வராமல் தேங்கி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. தாமதத்தை 2025 ஜனவரியில் நீதிமன்றம் கண்டித்தது. ஆனாலும் சிறப்புக் கூட்டம் கூட்டும்படி உத்தரவிட மறுத்துவிட்டது. ஆட்சி மாறிய பிறகுதான், பிப்ரவரியில் முதல் அறிக்கை அவைக்கு வந்தது. கட்சி எதுவானாலும் கதை இதுதான். கூட்டத்தொடரின் கடைசி நாளில் அறிக்கையை வைத்துவிட்டு அவையை ஒத்திவைப்பதையும் பல மாநிலங்களில் பார்த்திருக்கிறோம். உறுப்பினர் அதைப் பிரிப்பதற்குள் ஊருக்குக் கிளம்பியிருப்பார்.

அவையில் வைத்த பிறகு அறிக்கை, அவை உறுப்பினர்களைக் கொண்ட பொதுக் கணக்குக் குழுவின் விசாரணைக்குப் போகிறது. நாட்டில் இந்தக் குழு 1921-லிருந்தே இருக்கிறது. நாடாளுமன்றக் குழுவில் மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். அமைச்சர் யாரும் உறுப்பினராக முடியாது. 1967-ல் மினு மசானி தலைவரானது முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே தலைவராக இருப்பது மரபு. கணக்குக் கேட்பவர் செலவு செய்பவரின் ஆளாக இருக்கக் கூடாது என்ற சாதாரண நியாயம்தான்.

இங்கேதான் எனக்கு உறுத்தும் விஷயம் வருகிறது. குழுவின் விசாரணைக்குக் கோப்புகளைச் சுமந்துகொண்டு உயர் அதிகாரிகளோடு போயிருக்கிறேன். எடுத்துக்கொண்டது பல ஆண்டு பழைய பத்தி. கொள்முதலுக்குக் கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. பதில் சொல்ல நின்ற இயக்குநர் அந்தப் பொறுப்புக்கு வந்தே சில மாதங்கள்தான். உறுப்பினர் ஒருவர் கோபமாக, “யார் மேல் நடவடிக்கை எடுத்தீர்கள்?” என்று கேட்டார். “சம்பந்தப்பட்டவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார், ஐயா.” அவ்வளவுதான், அடுத்த பத்தி.

அந்த ஒரு வரிப் பதிலுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-ன் 9-வது விதிப்படி, பணியில் இருக்கும்போதே நடவடிக்கை தொடங்காமல் விட்டுவிட்டால், ஓய்வு பெற்றவர் மீது நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுக்காகப் புதிதாகத் துறை நடவடிக்கை எடுக்க முடியாது. மத்திய அரசு ஊழியர்களுக்கும் இதே வரம்பு உண்டு. விதியில் தப்பில்லை, ஓய்வு பெற்றவரைக் கடைசிக் காலம் வரை துரத்திக்கொண்டே இருக்க முடியாதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். செலவு நடந்து தணிக்கைக்கு வர ஓராண்டு ஆகும். ஆய்வறிக்கை, வரைவுப் பத்தி, அச்சு என்று அடுத்த ஆண்டும் போய்விடும். அவையில் வைப்பதில் இழுத்தடித்தால் மூன்றாம் ஆண்டு. குழு அதைக் கையில் எடுப்பதற்குள் நான்கும் முடிந்துவிடுகிறது. தாமதம் என்பதைச் சோம்பேறித்தனம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடைமுறையில் அது விடுதலைப் பத்திரம். பைலை எவ்வளவு காலம் உட்கார வைத்தால் போதும் என்பது அனுபவப்பட்ட ஒவ்வொரு பிரிவு எழுத்தருக்கும் தெரியும்.

சிஏஜி சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. 2010-ல் அவையில் வைத்த அலைக்கற்றை அறிக்கையில் 1.76 லட்சம் கோடி ரூபாய் உத்தேச இழப்பு என்று வந்த எண் நாட்டையே உலுக்கியது. அது தொடர்பான வழக்கில் 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தது. தணிக்கை அறிக்கை தீர்ப்பு அல்ல. அது கேள்வி. கேள்விக்குச் சாட்சிகளை வைத்து, இரு தரப்பையும் கேட்டு, பொறுமையாகப் பதில் காணும் இடம்தான் பொதுக் கணக்குக் குழு. அன்றைக்கு அந்த இடமே உடைந்தது. முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான குழுவின் வரைவு அறிக்கை 2011-ல் கட்சிவாரியாகப் பிளந்த உறுப்பினர்களின் கூச்சலில் சிக்கியது. மக்களவைத் தலைவர் மீரா குமார் அதைத் திருப்பி அனுப்பினார். குழுவுக்குள்ளும் கொறடா நுழைந்துவிட்டால் பிறகு தெருவும் தொலைக்காட்சியும்தான் விசாரணை மன்றம்.

எண்கள் பேசுவதை உரிய நேரத்தில் கேட்காததற்குப் பீகாரின் மாட்டுத் தீவன ஊழலைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டாம். சட்டமன்றம் கால்நடைத் துறைக்கு ஒதுக்கியதைவிடப் பல மடங்கு பணம் கருவூலங்களிலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. ஒதுக்கியது ஒரு நெடுவரிசையிலும் செலவானது அடுத்த நெடுவரிசையிலும் இருக்கும் கணக்கு அது; துப்பறிவாளர் தேவையில்லை, பள்ளிக்கூடக் கழித்தல் போதும். ஒதுக்கீட்டுக்கு மேல் செலவழித்தால் 205-வது பிரிவுப்படி அவைக்குத் திரும்ப வந்து ஒப்புதல் வாங்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. 1996 ஜனவரியில் சாய்பாசாவில் மாவட்ட அதிகாரி சோதனை நடத்திய பிறகுதான் குட்டு உடைந்தது. மாடு ஏற்றிப் போனதாகக் காட்டிய வண்டி எண்கள் சில ஸ்கூட்டர் எண்கள் என்பதெல்லாம் அதற்கப்புறம் தெரிந்தது.

என் யோசனை பெரிதாக ஒன்றுமில்லை. அறிக்கை கைக்கு வந்தபின் தொடங்கும் முதல் கூட்டத்தொடரின் முதல் வாரத்துக்குள் அவையில் வைக்க வேண்டும் என்று அவை விதிகளிலேயே எழுதிவிடலாம். நாடாளுமன்றத்தில் வைக்கும் சிஏஜி அறிக்கைகளுக்குத் துறைகள் நான்கு மாதத்துக்குள், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்ற குறிப்பு தர வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. எந்தத் துறை தந்தது, எது தரவில்லை என்ற பட்டியல் எல்லா மாநிலங்களிலும் மாதாமாதம் இணையத்தில் வரட்டும். இரண்டாவது, கதவு. மக்களவை விதி 266 குழுக் கூட்டங்கள் தனியாகவே நடக்க வேண்டும் என்கிறது. இந்தக் குழு முறையை நமக்குக் கொடுத்த பிரிட்டனிலோ பொதுக் கணக்குக் குழு சாட்சிகளை விசாரிப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பாதுகாப்பு விஷயங்களுக்கு மூடிக்கொள்ளட்டும். டீசல் பில்லுக்கும் படுக்கை விரிப்புக் கொள்முதலுக்கும் எதற்கு ரகசியம்? கேமரா எதிரில் ‘விவரம் பின்னர் தெரிவிக்கப்படும்’ என்று எந்தச் செயலாளரும் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட மாட்டார். கட்சிக்காரராக நடந்துகொள்ளும் உறுப்பினருக்கும் அது கொஞ்சம் கூச்சத்தைத் தரும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அறிக்கை வந்த அன்று தலைப்புப் போடுவதோடு நிறுத்தாமல், அதிலுள்ள பெரிய பத்திகளில் நான்கைந்தை எடுத்து, நிகழ்வு நடந்த ஆண்டையும் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் அவற்றின் நிலை என்ன என்று ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். நான்காம் ஆண்டு நெருங்குகிறது என்று அச்சில் பார்த்தால் சில கோப்புகள் தாமாகவே நகரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குக் கண்காணிப்பாளர்
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்.)